கொழும்பில் மரச் சிகிச்சைத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மரங்களில் ஏறிக் கொப்புக் கழிப்பதும், நோயுற்ற மரங்களைப் பரிசோதிப்பதும், வேறு வழியே இல்லாத இடத்தில் மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவதுமே எங்கள் சிறிய குழுவின் தொழில். வீட்டு உரிமையாளர்களும், தொடர்மாடிகளைப் பராமரிப்பவர்களும், இத்தொழிலுக்கு வர எண்ணும் இளைஞர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

மரச் சிகிச்சையாளர் என்பவர் மரம் வெட்டுபவரிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறார்?

மரம் வெட்டுபவரின் வேலை மரம் நிலத்தில் கிடக்கும்போது முடிந்துவிடுகிறது. எங்கள் வேலையின் பெரும்பகுதி, மரம் நின்றபடியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது. காய்ந்த கொப்பை அகற்றுவது, கூரையில் உரசும் கிளையைக் குறைப்பது, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மரத்தின் சுமையைச் சமப்படுத்துவது, இரண்டாகப் பிளக்கக்கூடிய கவட்டைக் கம்பிவடத்தால் பிணைப்பது ஆகியவை அன்றாட வேலைகள். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வெட்டு என்பது செடியை வாழவைக்கும் செயலாகவும் இருக்க முடியும் என்பது சொல்லாமலே விளங்கும். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வேலை நாள் எவ்வாறு தொடங்குகிறது?

காலை ஆறரை மணிக்கு, மரத்தை அண்ணாந்து பார்ப்பதில் தொடங்குகிறது. கருவிகளை லொறியிலிருந்து இறக்குவதற்கு முன்னரே மரத்தை முழுவதும் சுற்றி வருவோம். வேர் மண்ணைவிட்டு எழும்பியிருக்கிறதா, அடிமரத்தில் காளான் இருக்கிறதா, பட்டை வெடித்திருக்கிறதா, எந்தக் கொப்பு காய்ந்து தொங்குகிறது, மின்கம்பி எவ்வளவு அருகில் செல்கிறது என்பவற்றை ஏறப்போகிறவரும் கீழே நிற்கப்போகிறவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். குளவிக்கூடு இருக்கிறதா என்பதை இருகண் தொலைநோக்கியால் பார்ப்பதும் இந்த நேரத்தில்தான். நிலத்தில் குளவியிடமிருந்து ஓடலாம், அறுபது அடி உயரத்தில் கயிற்றில் தொங்குபவருக்கு ஓடுவதற்கு இடமில்லை. முசிறு எறும்பு உயிராபத்து விளைவிப்பதில்லை என்றாலும், மாமரத்தில் ஒரு கூட்டைக் கலைத்துவிட்டால் அரை மணி நேர வேலை கெட்டுவிடும். முருங்கையில் மயிர்க்கொட்டி இருக்கும் காலத்தில் கழுத்தையும் மணிக்கட்டையும் மூடாமல் எவரும் மரத்தைத் தொடுவதில்லை.

பகல் பதினொரு மணிக்குப் பின்னர் கொழும்பின் புழுக்கம் ஏறியிருப்பவரைத் தளரச் செய்வதால், கடினமான வெட்டுகளை அதற்கு முன்னர் முடித்துவிட முயல்கிறோம். மதியத்துக்குப் பின்னர் பெரும்பாலும் கொப்புகளைத் துண்டாக்குதல், ஏற்றுதல், கூட்டித் துப்புரவு செய்தல் ஆகியவை நடைபெறும்.

ஏறுவதற்கு என்னென்ன உபகரணங்கள் தேவை?

முதலில் கயிறு. மரத்தில் ஏறுபவரின் உயிரைத் தாங்கும் கயிறு 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை விட்டமுடையது. கடையில் விற்கும் நைலோன் கயிறு அதற்குப் பதிலாகாது. ஏறுவதற்கென்று தயாரிக்கப்பட்ட கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ நிலைச் சுமையைத் தாங்கும் என்று சான்று பெற்றிருக்க வேண்டும். கயிற்றை மேலே சேர்ப்பதற்கு, முதலில் மெல்லிய நூற்கயிற்றின் முனையில் 200 முதல் 400 கிராம் வரை எடையுள்ள சிறிய பையைக் கட்டி, நல்ல கவடு ஒன்றின் மேலாக எறிகிறோம். அந்த நூலைப் பிடித்துத் தடித்த கயிறு மேலே இழுக்கப்படும். கயிறு நேராகப் பட்டையில் உராய்ந்தால் கயிறும் தேயும், பட்டையும் உரியும் என்பதால், இரு வளையங்கள் கொண்ட பட்டியொன்றைக் கவட்டில் இட்டு அதனூடாகக் கயிற்றைச் செலுத்துகிறோம்.

அடுத்தது, இடுப்பையும் தொடைகளையும் சுற்றிக் கட்டும் ஹானஸ். நாள் முழுவதும் அதில் அமர்ந்துதான் வேலை செய்கிறோம் என்பதால் அதன் அளவு உடலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கயிற்றையும் ஹானஸையும் இணைக்கும் உலோகக் கொளுவி, தள்ளி, திருகி, பின்னர் அமுக்கி என மூன்று அசைவுகளில் மட்டுமே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே அசைவில் திறக்கும் கொளுவி கிளையொன்றில் இடித்தாலே திறந்துவிடக்கூடும். இவற்றுடன், தண்டைச் சுற்றி நின்று வேலை செய்வதற்கு எஃகுக் கம்பி உள்ளே ஓடும் குறுங்கயிறு ஒன்றும் வேண்டும். வாளைப் பயன்படுத்தும்போது ஏறுபவர் எப்போதும் இரு இடங்களில் கட்டப்பட்டிருப்பார். ஒரு கயிறு தவறுதலாக அறுபட்டாலும் மற்றது அவரைத் தாங்கும். இந்த விதியை எங்கள் குழுவில் அவசரம் என்று சொல்லி எவரும் மீற முடியாது.

காலில் இரும்பு முள் கட்டி ஏறினால் விரைவாக ஏறலாம் அல்லவா?

விரைவாக ஏறலாம். ஆனால் ஒவ்வொரு மிதிப்பும் பட்டையைத் துளைத்து, பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படையைக் காயப்படுத்துகிறது. முழுவதுமாக அகற்றப்படவுள்ள மரத்தில் மட்டுமே இரும்பு முள்ளைக் கட்டுகிறோம். வாழ வேண்டிய மரத்தில் அதனுடன் ஏற எவராவது ஆயத்தமானால், அவரை உங்கள் வளவுக்குள் விடாதீர்கள்.

எவ்வகையான வாள்கள் பயன்படுகின்றன?

பலர் நினைப்பதைவிட அதிகமாகக் கைவாளே பயன்படுகிறது. வளைந்த பற்களுடைய, இழுக்கும்போது அறுக்கும் கைவாள் கை மணிக்கட்டுத் தடிப்புள்ள கொப்பைச் சில இழுப்புகளில் வெட்டிவிடும். சத்தமில்லை, எரிபொருள் வேண்டாம், வெட்டும் மிகத் துல்லியமாக அமையும்.

இயந்திர வாளில், மரத்தின் மேல் பயன்படுத்தும் வகையின் கைப்பிடி இயந்திரத்துக்கு மேலே அமைந்திருக்கும். அது 3 முதல் 4 கிலோ வரை எடையும், சங்கிலி ஓடும் 12 அல்லது 14 அங்குல அலகும் உடையது. நிலத்தில் குற்றிகளை அறுப்பதற்குப் பின்புறம் கைப்பிடியுள்ள பெரிய வாள் தனியாக இருக்கிறது. மேற்கைப்பிடி வாளை ஒரு கையால் இயக்க முடியும் என்பதே அதன் பெரிய ஆபத்து. அலகின் நுனியின் மேற்பகுதி எதையாவது தொட்டால் வாள் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கிப் பின்னெகிறும். இரு கைகளும் பிடியில் இருந்தால், முன்னால் பிடித்திருக்கும் கை பிடிக்கு முன்னாலுள்ள தடைப்பலகையில் மோதிச் சங்கிலி நிற்கும்.

எரிபொருள் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரண்டடிப்பு எஞ்சின் எண்ணெய் என்ற விகிதத்தில் கலக்கப்படுகிறது. சங்கிலியின் பற்களை வட்ட அரத்தால் தீட்டுவது நாளுக்கு ஒரு முறையாவது நடக்கும். கூரான சங்கிலி சீவல் சீவலாக மரத்தைத் தள்ளும், மழுங்கியது மாவாக உதிர்க்கும். மாவைக் கண்டவுடன் வேலையை நிறுத்தித் தீட்ட வேண்டும், ஏனெனில் மழுங்கிய வாளை அழுத்துபவர் தனது சமநிலையை இழக்கிறார். பலா மரத்தில் வேலை செய்யும் நாளில் பால் பட்டு வாள் இறுகிவிடும் என்பதால் தேங்காயெண்ணெய்ப் போத்தலொன்றும் பழந்துணியும் கூடவே செல்லும்.

இயந்திர வாள் வைத்திருப்பவர்கள் அதனைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 இன் தொடக்கத்தில் அரசு அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் பதிவுப் பத்திரத்தைக் கேட்பதில் தவறில்லை.

இந்த வெயிலில் காப்புடை அணிவது சாத்தியமா?

சாத்தியம், ஆனால் எளிதன்று. வாள் வேலைக்கான காற்சட்டையின் முன்பக்கத்தில் நீண்ட செயற்கை இழைகள் அடுக்கடுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அந்த இழைகள் வெளியே வந்து பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். குளிர்நாடுகளுக்காகத் தைக்கப்பட்ட அந்த உடையை வைகாசி மாதப் புழுக்கத்தில் அணிவது வேதனை. ஆகையால் வேலையை ஒரு மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஏறுபவரை மாற்றி, உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாற்றையோ இளநீரையோ குடிக்கச் செய்கிறோம். தலைக்கவசம், முகத்திரை, காதுறை ஆகியவற்றில் காதுறையைத்தான் இளைஞர்கள் முதலில் கழற்றுகின்றனர். இயந்திர வாளின் ஒலி 110 டெசிபல் அளவில் இருக்கும். அதனால் கெடும் செவி திரும்பக் கிடைப்பதில்லை.

நெருக்கமான வீடுகளுக்கிடையில் கொப்பைக் கூரையில் விழாமல் எவ்வாறு இறக்குகிறீர்கள்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் ஒழுங்கைகளில் இதுவே எங்கள் தொழிலின் மையம். ஒரு பக்கம் அயலவரின் அஸ்பெஸ்டோஸ் கூரை, மறுபக்கம் தண்ணீர்த் தாங்கி, கீழே மோட்டார் சைக்கிள்கள், நடுவில் நாற்பது ஆண்டு மாமரம் என்ற நிலையில், எந்தக் கொப்பையும் விழவிட முடியாது. வெட்டப்போகும் கொப்புக்கு மேலே உறுதியான கவட்டில் கப்பியைக் கட்டி, அதனூடாக இறக்கு கயிற்றைச் செலுத்தி, கொப்பை அதில் கட்டிய பின்னரே வெட்டுகிறோம். கயிற்றின் மறுமுனை அடிமரத்தில் பொருத்திய உலோக உருளையில் சில சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுகளின் உராய்வால்தான் நிலத்தில் நிற்கும் ஒருவர் தன்னைவிடப் பல மடங்கு கனமான கொப்பை மெதுவாக இறக்க முடிகிறது.

இங்கே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 30 சென்றிமீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீளமும் கொண்ட பச்சைக் குற்றியொன்று 200 கிலோவை நெருங்கக்கூடும். அது கப்பியில் தொங்கும்போது, ஒரு பக்கம் குற்றியின் பாரமும் மறுபக்கம் அதைப் பிடித்திருக்கும் கயிற்றின் இழுவையும் சேர்வதால், கப்பியைத் தாங்கும் கவட்டின் மீது ஏறத்தாழ இரு மடங்கு சுமை விழும். குற்றி சிறிது தூரம் விழுந்து கயிறு திடீரென இறுகினால் அது மேலும் பெருகும். ஏறியிருப்பவரும் அதே மரத்தில்தான் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், நாங்கள் ஏன் சிறு சிறு துண்டுகளாக வெட்டி நேரம் எடுக்கிறோம் என்பது புரியும்.

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் எவ்வாறு பேசிக்கொள்கிறீர்கள்?

எங்கள் குழுவில் தமிழரும் சிங்களவரும் இருக்கிறார்கள், எனவே இரு மொழிகளும் கலந்தே வேலை நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மரத்தின் மேலிருந்து நான் "விடாதே" என்று கத்தினேன். வாளின் இரைச்சலில் கீழே நின்றவருக்கு "விடு" என்பது மட்டுமே கேட்டது. கொப்பு நேராகத் தண்ணீர்த் தாங்கியின் மேல் விழுந்து அதை உடைத்தது. எவருக்கும் காயமில்லை என்பது எங்கள் நல்லூழ், தவறு என்னுடையது. தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது, இரைச்சலில் முதலில் தேய்வதும் அந்தக் கடைசிப் பகுதிதான். சிங்களத்திலும் "எப்பா" என்ற மறுப்பு இறுதியில்தான் வரும். அன்றிலிருந்து மறுப்புச் சொற்களை நாங்கள் மரத்தில் பயன்படுத்துவதேயில்லை. "நில்", "பிடி", "இறக்கு" என்ற மூன்று சொற்கள் மட்டுமே உண்டு. சிங்களவரான எங்கள் சகோதரர்களும் அவற்றைத் தமிழிலேயே சொல்கிறார்கள். கீழே நிற்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும்வரை வாள் இயங்காது.

கிளையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?

கிளை தண்டுடன் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கழுத்துப்பட்டி போலச் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் தண்டைச் சேர்ந்தது. அதை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினால் வளையம் போய்விடும், தூரத்தில் வெட்டினால் எஞ்சும் முளை காய்ந்து அழுகலுக்கு வழிவிடும்.

இதன் காரணத்தை உலகுக்கு விளக்கியவர் அமெரிக்க வன சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்த அவர், மரத்தின் காயம் நமது தோலைப் போல ஆறுவதில்லை என்றும், காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் வேதியியல் சுவர்களை எழுப்பி அழுகலை அறைக்குள் அடைப்பதுபோல அடைத்துவிட்டு, புதிய மரத்தை வெளியே வளர்க்கிறது என்றும் 1977 இல் எடுத்துக்காட்டினார். அத்தகைய வலிமையான தடுப்பு ஒன்று கிளையின் அடியிலுள்ள வளையப் பகுதியில் உருவாகிறது. அதனால்தான் ஓரிரு அங்குலத் தவறு ஒரு மரத்தின் ஆயுளைப் பாதிக்கிறது.

கனமான கிளையை மூன்று வெட்டுகளில் எடுக்கிறோம். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு, பின்னர் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் போன பின்னர் வளையத்துக்கு வெளியே இறுதி வெட்டு. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை முறிந்து தொங்கி, தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு கீழே வரும்.

வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூச வேண்டுமா? பொந்தைச் சீமெந்தால் அடைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி அழுகலுக்கே உதவுகிறது. சீமெந்து மரத்துடன் சேர்ந்து அசைவதில்லை. காற்றில் தண்டு வளையும்போது அது உள்ளே உராய்ந்து, மரம் எழுப்பிய சுவரை உடைக்கிறது. பொந்தில் நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் என்ற அச்சம் கொழும்பில் நியாயமானது. அதற்கு மணலை நிரப்பி நீர் நிற்காமல் செய்தால் போதும். நீரை வடிப்பதற்காகத் தண்டைத் துளையிடுவதும் அதே சுவரைத்தான் உடைக்கிறது.

மரத்தின் தலையைப் பாதியாக வெட்டிவிட்டால் பாதுகாப்பு அல்லவா?

இவ்வாறு கேட்பவர்களின் அச்சத்தை மதிக்கிறோம், ஆயினும் இந்த வேலையை ஏற்பதில்லை. தலை வெட்டப்பட்ட மரம் பசியால் அவசரமாகப் பல குருத்துகளைத் தள்ளும். அவை உள் மரத்திலிருந்து வளராமல் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டி வளர்வதால், சில ஆண்டுகளில் பருத்ததும் காற்றில் எளிதாக ஒடிந்து விழும். இடைப்பட்ட காலத்தில் பெரிய வெட்டுவாய்களினூடாக அழுகல் தண்டுக்குள் இறங்கியிருக்கும். அச்சம் உண்மையானதாக இருந்தால் கொப்புகளை உரிய கவடுகள்வரை குறைக்கலாம், அல்லது மரத்தை முழுவதும் அகற்றி வேறொன்றை நடலாம். தென்னைக்கு இது முற்றாகவே பொருந்தாது. அதற்கு இருப்பது ஒரே குருத்து. வளர்படையும் இல்லாததால், தண்டில் கொத்திய படி கூட மரம் உள்ளவரை மூடாது. தளைநார் கட்டி ஏறும் நம் முறை அதனால்தான் தென்னைக்கு ஏற்றது.

எங்கள் வாசலிலுள்ள பெரிய மரம் விழுமா என்பதை எவ்வாறு அறிவது?

2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி காலை, கடும் மழையின்போது கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் சென்றுகொண்டிருந்த பயணிகள் பஸ் ஒன்றின் மீது மரமொன்று சாய்ந்து விழுந்ததில் ஐந்து பேர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னர் பல வாரங்களாக எங்கள் தொலைபேசி ஓயவில்லை. நல்ல மரங்களையும் அகற்றிவிடும்படி பலர் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்: உயரமோ வயதோ தனியாக ஆபத்தைக் காட்டுவதில்லை.

பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அடியில் இருக்கின்றன. வேரடியில் தட்டுப் போன்ற காளான், ஒரு பக்கத்து மண் வெடித்தோ எழும்பியோ இருத்தல், அண்மையில் தொடங்கிய சாய்வு, கவட்டில் நீளும் வெடிப்பு, உச்சியில் கொப்புகள் ஒவ்வொன்றாகக் காய்தல் ஆகியவை கண்டவுடன் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டினால், உட்கூடான இடம் பறை போல ஒலிக்கும். உட்கூடு இருப்பதாலேயே மரத்தைத் தண்டிக்கக் கூடாது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் நிற்கிறதல்லவா? எஞ்சியுள்ள சுவரின் தடிப்பு எவ்வளவு என்பதே கேள்வி, அதை மெல்லிய ஊசித் துளைப்பானால் அளக்கலாம்.

கொழும்பில் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வேர் வெட்டு. கறுவாத்தோட்ட வீதிகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி வாகைகள், சிங்களத்தில் மாரா எனப்படுபவை, தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை. அவற்றின் முடி பரந்தது, வேர் ஆழமற்றது. நடைபாதைக்கும் வடிகாலுக்கும் குழாய்க்குமாக ஒரு பக்கத்து வேரை வெட்டி மண்ணால் மூடிவிட்டால் மேலே எந்த மாற்றமும் தெரியாது. இலைகள் பசுமையாகவே இருக்கும். சில ஆண்டுகளின் பின்னர், மண் ஊறிய ஒரு மழைநாளில் மரம் வேரோடு சாயும். உங்கள் வீட்டு முன் குழி தோண்டப்பட்டால், எந்த மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதைப் புகைப்படம் எடுத்துத் திகதியுடன் வைத்திருங்கள். பின்னர் மரத்தைப் பரிசோதிக்க வருபவருக்கு அது மிகப் பெரிய உதவி.

கிளை மின்கம்பியில் படுகிறது. வெட்டித் தருவீர்களா?

மின்சார சபை மின்னைத் துண்டித்த பின்னரே வெட்டுவோம். சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். பச்சை மரமும் ஈரக் கயிறும் மின்னைக் கடத்தும். கம்பியைத் தொடாமலே, அருகில் செல்வதாலும் உயர் அழுத்த மின் பாயக்கூடும். உலோகக் கம்பில் கத்தி கட்டி மாங்கொப்பை இழுப்பதால் வீடுகளில் நிகழும் விபத்துகள் தவிர்க்கக்கூடியவை.

அனுமதி எங்கே பெற வேண்டும்?

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவை உணவு தரும் மரங்கள் என்பதால், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவை உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வீதியோர மரம் மாநகர சபையின் அல்லது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது, அதன் கொப்பு உங்கள் மதிலுக்குள் நீண்டிருந்தாலும் முதலில் அவர்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு, ஆல் போன்ற மரங்களில் கைவைக்குமுன் அயலவர்களுடனும், அருகே கோயிலோ விகாரையோ இருந்தால் அங்கும் பேசிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குழுவிலேயே அரச மரத்தை வெட்ட மறுப்பவர்கள் உண்டு, அவர்களை வற்புறுத்துவதில்லை.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குவதற்கு முன்னர், ஜனவரி முதல் மார்ச் வரை. சித்திரையை ஒட்டிக் குயில்கள் காகக் கூடுகளில் முட்டையிடும் காலத்தில், அவசரமில்லாத வேலைகளைத் தள்ளி வைக்கிறோம்.

மேலே இருப்பவர் காயப்பட்டால் என்ன செய்வீர்கள்?

இன்னொருவர் உடனே ஏறி அவரை இறக்குவார். அதனால்தான் ஏறத் தெரிந்த இருவர் இல்லாமல் நாங்கள் எந்த வேலைக்கும் செல்வதில்லை. இரண்டாவது கயிறு ஏற்கனவே மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மயங்கி அசையாமல் ஹானஸில் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கிவிடுவதால், காயம் சிறியதாக இருந்தாலும் தாமதம் உயிரைப் பறிக்கலாம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வந்து சேரும்போது அவர் நிலத்தில் இருக்க வேண்டும். இந்த மீட்பை மாதத்துக்கு ஒரு முறை, தாழ்வான மரமொன்றில், நேரம் குறித்துப் பயிற்சி செய்கிறோம்.

இத்தொழிலைக் கற்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

நிலத்தில். முதல் ஆண்டு முழுவதும் கொப்பு இழுப்பதும், சங்கிலி தீட்டுவதும், கயிற்றை விரல்களுக்கிடையில் அடி அடியாக ஓடவிட்டு நைந்த இடம் உண்டா என்று பார்ப்பதுமாகவே கழியும். முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் அவிழ்க்கவும் பழக வேண்டும். உயரத்துக்கு அஞ்சுபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை, அவர்கள்தான் கொளுவியை இரு முறை சரிபார்ப்பார்கள். இறக்கு கயிற்றைப் பிடிக்க உங்களை நம்பி ஒருவர் மேலே வெட்டத் தொடங்கும் நாள் வந்த பின்னரே, உங்களுக்கென்று ஒரு ஹானஸ் அளவெடுத்து வாங்கப்படும்.